அப்பாவுக்கு அறுபது: திருக்கடையூரா, சொந்த ஊரா, காசியா, அன்னதானமா?

1966 ஆவணியில் பிறந்தவருக்கு 2026 ஆவணியில் அறுபது நிறைகிறது. அவர் பிறந்தபோது நடந்தது பராபவ வருடம். 2026 சித்திரை முதல் நாளில் அதே பராபவ வருடம் திரும்பவும் பிறக்கிறது. பிரபவ தொடங்கி அட்சய வரை அறுபது பெயர்களும் ஒரு சுற்று ஓடி முடிந்து, தான் பிறந்த வருடத்தின் பெயரை மனிதர் மறுபடி பார்ப்பது ஏறக்குறைய எல்லோருக்குமே வாழ்நாளில் ஒரு தடவைதான். வானத்திலும் அதே கணக்கு: வியாழன் சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டு, சனிக்கு ஏறத்தாழ 30. அறுபது ஆண்டில் ஒன்று ஐந்து சுற்றும் மற்றொன்று இரண்டு சுற்றும் முடித்துப் பழைய இடத்துக்கு வந்திருக்கும். பிள்ளை பிறந்த அன்று இருந்த வானம் ஓரளவு திரும்பி வருகிற நாள் என்பதால்தான் அறுபதை ஒரு முழுச் சுற்று என்றார்கள்.

இப்போது இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தமிழ்நாடு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2021இல் 60 ஆனது. அதனால் பல வீடுகளில் பணி ஓய்வும் மணிவிழாவும் முன்பின்னாக ஒரே சமயத்தில் வந்து நிற்கின்றன. அலுவலகத்தில் மாலை போட்டு அனுப்பி வைத்த கையோடு வீட்டில் மணமாலை.

அந்த நாளை எங்கே, எப்படி வைப்பது என்று வீட்டில் பேச்சு தொடங்கினால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மூத்த பையன் திருக்கடையூர் என்பான். பெண்ணுக்கு ஊர் மண்டபம். அம்மா மெதுவாக, ‘காசிக்குப் போகணும்னு ரொம்ப நாளா ஒரு நினைப்பு’ என்பார். அப்பா, ‘எதுக்குடா இவ்ளோ செலவு, நாலு பேருக்குச் சாப்பாடு போட்டா போதும்’ என்று முடிக்கப் பார்ப்பார். பிறகு லீவு, பணம், ரூம், வண்டி என்று பேச்சு போய், யாருக்கு வசதியோ அவர் சொன்னது நடக்கும்.

வசதியைக் கேட்கும் முன் அப்பா அம்மாவிடம் தனித்தனியாக ஒன்றைக் கேளுங்கள்: இந்த அறுபது வருஷத்துக்கு நீங்கள் யாருக்கு நன்றி சொல்ல விரும்புகிறீர்கள்? தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பது முக்கியம். சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவர் சொல்வதற்கு மற்றவர் தலையாட்டிவிடுவார். பதில் கிடைத்துவிட்டால் இந்த நாலில் எது என்று பெரும்பாலும் தானே தெரிந்துவிடும்.

நாளைப் பற்றி முதலில் ஒரு தெளிவு. 59 நிறைந்து 60 தொடங்கும்போது செய்வது உக்ரரத சாந்தி. 60 நிறையும்போது செய்வதுதான் சஷ்டியப்தபூர்த்தி என்கிற மணிவிழா. 70இல் பீமரத சாந்தி, 80 தாண்டி ஆயிரம் பிறை கண்டவருக்குச் சதாபிஷேகம். ஆங்கிலத் தேதி இதில் கணக்கில்லை. பிறந்த தமிழ் மாதத்தில் ஜென்ம நட்சத்திரம் வரும் நாளைத்தான் பார்ப்பார்கள். ஒரே மாதத்தில் நட்சத்திரம் இரண்டு தடவை வந்தால் எதை எடுப்பது என்பதை உங்கள் வீட்டு வாத்தியாரிடமே கேட்டுக்கொள்வது நல்லது. வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு.

திருக்கடையூர்

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிப் பக்கம் போகும் வழியில் இருக்கிறது. சிவன் வீரச்செயல் புரிந்த அட்டவீரட்டத் தலங்கள் எட்டில் ஒன்று, தேவாரப் பாடல் பெற்றது, தருமபுரம் ஆதீனத்தைச் சேர்ந்த கோயில். பதினாறு வயதோடு ஆயுள் முடியும் என்று எழுதப்பட்ட மார்க்கண்டேயன் லிங்கத்தைக் கட்டிக்கொள்ள, எமன் வீசிய பாசக்கயிறு லிங்கத்தின் மேலும் விழ, அமிர்தகடேசுவரர் காலனை உதைத்த இடம். காலசம்ஹாரமூர்த்தி உற்சவராக அங்கேதான் நிற்கிறார். உயிர் நீண்டதற்கு நன்றி சொல்ல இதைவிடப் பொருத்தமான சன்னதி எனக்குத் தெரிந்து கிடையாது.

ஆகவே யாருக்கு இது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. பைபாஸ் முடிந்து எழுந்தவர், கட்டி என்று சொல்லி மருந்தேற்றிப் பிழைத்தவர், 2021 மே மாதத்தில் ஆக்ஸிஜன் படுக்கைக்காகப் பிள்ளைகள் அலைந்து அலைந்து மீட்டுக்கொண்டு வந்த அப்பா. அந்த வீடுகளில் அம்மா அன்றைக்கே அந்தக் கோயில் அம்பாள் அபிராமியிடம் ஏதோ ஒன்றை வேண்டிக்கொண்டிருப்பார். வெளியே சொல்லியிருக்க மாட்டார். அப்படி ஒரு வேண்டுதல் இருந்தால் மற்ற மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கவே வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

அங்கே வருடம் முழுக்க மணிவிழா நடக்கிறது. எல்லாம் பழகிப்போன ஊர். சிவாச்சாரியார் ஒருவரிடம் முன்கூட்டியே பேசிவிட்டால் கலசம், ஹோமம், மாலை, நாதஸ்வரம், தங்குவதற்கு அறை, காலை டிபன், மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு தொகை சொல்லிவிடுவார்கள். 16 கலசம், 32, 64 என்று எண்ணிக்கை ஏற ஏறத் தொகையும் ஏறும். எண்ணிக்கையில் போட்டி வேண்டாம் என்பது என் கருத்து. பதினாறு கலசத்தில் குறைந்துபோவது எதுவும் இல்லை. தொகையில் எது சேர்த்தி, எது சேர்த்தி இல்லை, தட்சிணை தனியா என்பதை வரிவரியாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிம்மதியாக நடக்க வேண்டிய நாளில் பணம் பற்றிய பேச்சு வரவே கூடாது.

முதல் நாள் இரவே போய்விட வேண்டும். விடியலில் குளித்து, கோபூஜை, கஜபூஜை முடித்து உள்ளே போனால் விக்னேசுவர பூஜை, கலச பூஜை, ஹோமம். அதன் பிறகு கலசாபிஷேகம். தம்பதியை உட்கார வைத்து, தலைக்கு மேலே சல்லடையைப் பிடித்து, பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கலசத் தீர்த்தத்தை அதில் ஊற்றுவார்கள். மாவிலையும் மஞ்சளும் கலந்த தண்ணீர் சல்லடைக் கண்களில் பிரிந்து நூல் நூலாக இறங்கும். அறுபது வயது அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டிருப்பார். அவருக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். சின்னதில் தாங்கள் குளிப்பாட்டிவிட்ட பிள்ளைகளின் கையால் அன்று அவர்கள் குளிக்கிறார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் அழாத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. அதற்குப் பின் புதுப் புடவை, வேட்டி, மாங்கல்யதாரணம், சாமி அம்பாள் தரிசனம்.

நல்ல முகூர்த்த நாளில் பிராகாரத்தில் பக்கத்தில் பக்கத்தில் பல தம்பதிகள் உட்கார்ந்திருப்பார்கள். இங்கே கெட்டிமேளம் கொட்டும்போது அங்கே சங்கல்பம் நடக்கும். ஹோமப் புகை எல்லோருக்கும் பொது. அமைதியாக, நமக்கே நமக்கென்று நடக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு இது ஒத்துவராது. எனக்கு அந்தக் கூட்டமே பிடிக்கும். முன்பின் தெரியாத பக்கத்துத் தம்பதிக்கு நம் பிள்ளைகள் அட்சதை போடுவதும், அந்த அம்மா நம் பேரனைக் கூப்பிட்டுக் குங்குமம் வைப்பதும் வேறு எந்த மண்டபத்திலும் கிடைக்காது.

உடம்பைப் பற்றி யோசித்துவிட்டுப் போங்கள். சர்க்கரை மாத்திரை போடுபவர் முகூர்த்தம் முடியும் வரை வெறும் வயிற்றில் இருக்கக் கூடாது. டாக்டரிடம் கேட்டு, பாலோ பழமோ எப்போது எடுப்பது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். ஆஸ்துமா இருந்தால் ஹோம குண்டத்திலிருந்து சற்றுத் தள்ளி மணை போடச் சொல்லலாம். மூட்டுவலிக்காரருக்கு நாற்காலி கேட்டால் யாரும் மறுக்கப்போவதில்லை. ஈரத் துணியோடு வழுக்குத் தரையில் நடக்கும் அந்தச் சில அடிகளில் இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொள்ளுங்கள்.

திருக்கடையூரில் கிடைக்காதது மனிதர்கள். இரண்டு வேன், மூன்று கார், ஐம்பது பேர். சென்னையிலிருந்து சிதம்பரம், சீர்காழி தாண்டிப் போக ஐந்தாறு மணி நேரப் பயணம். கோயம்புத்தூர், திருநெல்வேலி என்றால் அதற்கும் மேல். வயதானவர்கள் வரமாட்டார்கள். வரக்கூடியது பெரும்பாலும் ரத்த உறவு மட்டும்தான்.

சொந்த ஊர்

இதைப் பற்றி அதிகமாகச் சொல்லப்போகிறேன். ஏனென்றால் நிறைய வீடுகளில் இதுதான் சரியான விடை, ஆனால் ‘வேலை ஜாஸ்தி’ என்று முதலில் கழித்துக்கட்டுவதும் இதைத்தான்.

அப்பாவுக்குப் பரீட்சைப் பணம் கட்டிய வாத்தியார். வீட்டுக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட ஆபீஸ் நண்பர். அம்மாவின் ஆபரேஷன் சமயத்தில் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்ட எதிர்வீட்டு அக்கா. சம்பளம் வராத மாதங்களில் நோட்டில் எழுதிக்கொண்டு மளிகை கொடுத்தனுப்பிய கடைக்காரர். இவர்கள் யாரும் வேன் ஏறிக் கோயிலுக்கு வரமாட்டார்கள். கூப்பிட்டாலும், ‘குடும்ப விசேஷம், நாம எதுக்கு’ என்று ஒதுங்கிக்கொள்வார்கள். ஊரில் வைத்தால் நடந்து வருவார்கள். முதல் பந்தியில் உட்காருவார்கள்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் சித்தப்பாவின் மணிவிழா நடந்தது. பெரிய அத்தை அவரைவிடப் பதினாலு வயது மூத்தவர். தாய் இல்லாத வீட்டில் தம்பிகளை வளர்ப்பதற்காக ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். மாமா காலமாகிப் பல வருடம். அபிஷேகம் தொடங்குகிற நேரத்தில் அத்தை, அந்தத் தலைமுறைப் பெண்கள் செய்வதைப்போலவே, யாரும் சொல்லாமல் சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டார். மணையில் உட்கார்ந்தபடியே சித்தப்பா கேட்டார்: “அக்கா எங்க? முதல் கலசம் அக்கா ஊத்தட்டும்.”

உறவில் ஒரு பெரியவர், “அது சரியா வராதுப்பா, சம்பிரதாயம்னு ஒண்ணு இருக்குல்ல” என்று இழுத்தார். சித்தப்பா அவர் பக்கம் திரும்பவில்லை. ஐயரைப் பார்த்து, “சாமி, எங்கம்மா முகமே எனக்கு ஞாபகம் இல்ல. இவங்கதான் எனக்கு அம்மா” என்றார். ஐயர் ஒரு நொடி நிதானித்து, “தாய் ஸ்தானத்துல இருக்கவங்க ஊத்தறதுக்கு என்ன தடை? வரச் சொல்லுங்கோ” என்றார்.

அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். கலசத்தைத் தூக்கும்போது கை நடுங்கியது. தங்கச்சி அடியில் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். “நல்லா இருடா” என்று மட்டும் சொல்லி ஊற்றினார். இதைக் கோயிலிலும் செய்யலாம்தான். ஆனால் அத்தை சின்ன வயதில் இடுப்பில் ஒரு தம்பியும் தலையில் ஒரு குடமுமாக நடந்த தெருவே அன்று மண்டபத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. இன்னார் எனக்கு இதைச் செய்தார் என்பதை, இன்னாரைத் தெரிந்தவர்கள் முன்னால் சொல்வதற்குச் சொந்த ஊர்தான் வேண்டும்.

வேலை அதிகம் என்பது உண்மை. மண்டபம், சமையல், பந்தல், பத்திரிகை, வருபவர்களைத் தங்க வைப்பது. இலைக்கு 250 ரூபாய் என்று வைத்தாலே 400 பேருக்கு ஒரு வேளைக்கு ஒரு லட்சம் ஆகிறது. டிபனும் காபியும் தனி. இந்தச் செலவு பிள்ளைகளுடையதாக இருக்க வேண்டும். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் கை வைத்து அப்பாவுக்கே விழா எடுப்பதில் எனக்குச் சம்மதமே இல்லை. அந்தப் பணம் இனி வரப்போகும் இருபது முப்பது வருடத்துக்கானது. பிள்ளைகளால் முடிகிற அளவு நூற்றைம்பது பேர்தான் என்றால் நூற்றைம்பது பேரைக் கூப்பிடுங்கள். வெட்டும்போது தூரத்துச் சொந்தத்தில் வெட்டுங்கள், எதிர்வீட்டு அக்காவை வெட்டிவிடாதீர்கள்.

மொய் பற்றி ஒன்று. பத்திரிகையில் ‘அன்பளிப்பு தவிர்க்கவும்’ என்று போட்டுவிடலாம் என்பதே என் எண்ணம். நாற்பது வருடமாக ஊரெல்லாம் எழுதிய மொய் திரும்பி வர வேண்டாமா என்று வீட்டில் ஒருவர் கட்டாயம் கேட்பார். நியாயமான கேள்விதான். தஞ்சை, புதுக்கோட்டை, மதுரைப் பக்கமெல்லாம் மொய் நோட்டு ஒரு குடும்பத்தின் வரவுசெலவுக் கணக்கு மாதிரி. அதைத் திரும்ப வாங்க அடுத்து வரும் கல்யாணமோ காதுகுத்தோ இருக்கிறது. நன்றி சொல்வதற்காக ஒருவரை அழைத்துவிட்டு, வாசலில் நோட்டும் பேனாவுமாக ஆளை உட்கார வைத்தால் அவர் கையில் இருப்பதை எண்ணிப் பார்த்துத்தான் உள்ளே வருவார். சிலர் அதற்காகவே வராமல் இருந்துவிடுவார்கள். அந்தச் சிலர்தான் பெரும்பாலும் நாம் நன்றி சொல்ல வேண்டியவர்களாக இருப்பார்கள்.

தாய்மாமன் சீர் வேறு. அம்மாவின் பிறந்த வீட்டார் தாம்பாளத்தில் புடவையும் பழமும் வைத்துக்கொண்டு வருவதை நிறுத்தாதீர்கள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடம் கழித்துத் தம்பிமார் வரிசையாக வந்து நிற்பதைப் பார்க்கும்போது அம்மாவின் முகம் எப்படி ஆகிறது என்று கவனியுங்கள்.

ஊரில் வைப்பதென்றால் ஒரு வாரம் முன்பாகக் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துவிடுவது வழக்கம். பங்காளிகள் அத்தனை பேரும் அங்கே கூடிவிடுவார்கள். பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி இருந்தால் அந்தப் பொங்கல் பானைக்கு முன்னால் பேசவைப்பது மண்டபத்தில் பேசவைப்பதைவிடச் சுலபம்.

காசி

காசி யாத்திரையை மணிவிழாவுக்குப் பதிலாக வைக்காதீர்கள், அதற்குப் பின் வையுங்கள். காரணம் எளிது. அது முன்னோருக்கும், தம்பதி ஒருவருக்கொருவரும் செய்யும் காரியம். சபை தேவையில்லை.

முறையாகச் செய்பவர்கள் முதலில் இராமேசுவரம் போய், அக்னி தீர்த்தத்தில் மணல் எடுத்து, அதைப் பிரயாகையில் திரிவேணி சங்கமத்தில் கரைப்பார்கள். பிறகு காசி, கயை. திரும்பும்போது கங்கை நீரைக் கொண்டுவந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்தால் யாத்திரை பூர்த்தி. பெற்றோருக்குத் திதி மட்டும் கொடுத்துவந்த அப்பாவுக்கு, கயையில் பெயர் சொல்லிப் பிண்டம் வைப்பது மனதில் ஒரு பாரத்தை இறக்கிவைக்கும். காசியில் மொழி பற்றிக் கவலை வேண்டாம். அனுமன் கட்டம், கேதார கட்டம் பக்கம் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும். நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் 19ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே இருக்கிறது.

பிரயாகையில் தம்பதிகள் செய்யும் வேணிதானம் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கணவர் மனைவியின் தலையை வாரிப் பின்னிப் பூ வைக்க வேண்டும். பின்னலின் நுனியில் கொஞ்சம் நறுக்கிச் சங்கமத்தில் விடுவார்கள். எங்கள் பெரியப்பா கையில் சீப்பைக் கொடுத்ததும் அதை எப்படிப் பிடிப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. “இழுக்காதீங்க, வலிக்குது” என்றார் பெரியம்மா. “எனக்கென்ன தெரியும், நீ சொல்லிக் குடு” என்றார் பெரியப்பா. முடியை மூன்றாகப் பிரிப்பதிலிருந்து பெரியம்மா சொல்லச் சொல்ல அவர் பின்னினார். அத்தனை வருட வாழ்க்கையில் அவர் பெரியம்மாவிடம் ஒன்றைக் கற்றுக்கொள்ளக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று பெரியம்மா ஊருக்கு வந்து எல்லோரிடமும் சொன்னார்.

ஐப்பசி முதல் மாசி வரை நல்ல காலம். மார்கழி, தையில் குளிர் கடுமையாக இருக்கும், ஸ்வெட்டர் இல்லாமல் அனுப்பாதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் அனுப்பவே கூடாது. படித்துறைப் படிகள் செங்குத்து. மூட்டு ஒத்துழைக்கும் வயது அறுபதுதான், எழுபதில் போகலாம் என்று தள்ளிப்போட்டால் பலருக்கு முடிவதில்லை. கூட ஒரு பிள்ளையாவது போகட்டும், ஆனால் வேணிதானம் நடக்கும்போது கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ளட்டும்.

அன்னதானம்

‘நாலு பேருக்குச் சாப்பாடு போட்டா போதும்’ என்று சொல்கிற அப்பாவைச் சிக்கனக்காரர் என்று நினைத்துவிடுகிறோம். அந்த வாக்கியத்துக்குப் பின்னால் பெரும்பாலும் பசித்த ஒரு சின்ன வயது இருக்கும். 1966இல் பிறந்தவர்களில் நிறையப் பேர் பள்ளிக்கூட மதிய உணவை நம்பி வகுப்புக்குப் போனவர்கள். அவர்களுக்கு யாரோ போட்ட சோறுதான் நன்றிக்கு முதல் முகவரி.

அப்படிப்பட்டவருக்கு வடலூரைச் சொல்வேன். 1867 மே 23 அன்று வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பைப் பற்றவைத்தார். அணையா அடுப்பு என்று அதற்குப் பெயர். பசித்து வந்தவர் யார், எந்த ஊர், என்ன சாதி என்று கேட்காமல் இன்றும் அங்கே சோறு போடுகிறார்கள். குடும்ப விசேஷத்துக்கு அரிசி மூட்டை, காய்கறி கொண்டுபோய்க் கொடுக்கலாம். மணிவிழாத் தம்பதி அங்கே போய், கொடுத்துவிட்டு, அந்தப் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். கொடுப்பதைவிட உட்கார்ந்து சாப்பிடுவது முக்கியம் என்று எனக்குத் தோன்றும். சென்னையிலிருந்து திருக்கடையூர் போகிறவர்கள் வழியைச் சற்று மாற்றிக்கொண்டால் வடலூரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

முதியோர் இல்லம், குழந்தைகள் காப்பகம் என்று போகிறவர்களுக்கு: முன்கூட்டியே போன் செய்து என்ன தேவை என்று கேளுங்கள். எல்லோரும் கேக்கும் ஸ்வீட்டும் கொண்டுபோகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது பெட்ஷீட்டாக, பெரியவர்களுக்கான டயப்பராக, ரத்த அழுத்த மாத்திரையாக இருக்கும். தட்டைக் கொடுக்கும்போது போட்டோ எடுக்க வேண்டாம். இல்லத்தில் இருப்பவர்களில் சிலருக்குத் தங்கள் அறுபதாம் கல்யாணம் பிள்ளைகள் கூடி நடத்தியது நினைவுக்கு வரும். மாலையும் கழுத்துமாகத் தம்பதி அங்கே போய் நிற்பதற்குமுன் அதை ஒரு தடவை யோசியுங்கள். சாதாரண உடையில் போவதே மேல்.

அப்பா படித்த அரசுப் பள்ளி இன்னும் இருந்தால் அதுவும் நல்ல வழி. தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் மூலம் முன்னாள் மாணவர்கள் பணம் கொடுக்கலாம். தலைமையாசிரியரை நேரில் பார்த்துக் கேட்டால் கழிப்பறைக் கதவிலிருந்து நூலக அலமாரி வரை என்ன வேண்டும் என்று தெரியும்.

ஓட்டல் ஹாலில் கேக் வெட்டி, எல்.ஈ.டி. திரையில் படம் ஓட்டும் விழாவை இந்த நாலோடு நான் வைக்கவில்லை. அதில் தப்பில்லை, பேரப்பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாகவும் இருக்கும். ஆனால் யாரும் யாருக்கும் நன்றி சொல்லாமலேயே அது முடிந்துவிடக்கூடும். அப்படித்தான் வைக்கிறீர்கள் என்றால் மைக்கை ஒரு அரை மணி நேரம் அப்பாவிடமும் அம்மாவிடமும் கொடுத்துவிடுங்கள். கிறிஸ்தவ வீடுகளில் பிறந்தநாளுக்கும் கல்யாண நாளுக்கும் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் காரணத்தை எழுதி ஆலயத்தில் வைக்கும் வழக்கம் உண்டு. ‘இந்த வருஷமும் கூட இருந்து நடத்தினதற்காக’ என்று ஒரு வரி எழுதும் அந்தப் பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கலாம் என்று நினைப்பேன்.

அம்மா மட்டும் இருக்கிற வீட்டில்

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இதுதான். மணிவிழா என்றால் மறுபடி தாலி கட்டுவது என்று ஆகிவிட்டதால், ஒருவர் இல்லாத வீடுகளில் அறுபது வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் கடந்துபோகிறது. அப்பா இல்லாமல் பிள்ளைகளை ஆளாக்கிய அம்மாவுக்கு அறுபது நிறையும் நாளில் வீட்டில் ஒரு பாயசம்கூட வைப்பதில்லை. அவரே, ‘எனக்கென்னடா விசேஷம்’ என்றுதான் சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடக் கூடாது. நன்றிக்கடன் யாருக்காவது அதிகம் என்றால் அவருக்குத்தான்.

ஆயுஷ் ஹோமத்துக்குத் துணை வேண்டும் என்றில்லை. ஜென்ம நட்சத்திரத்தன்று வீட்டில் வைத்துச் செய்யலாம். ஓதுவாரை அழைத்துத் தேவாரம், திருவாசகம் பாடச் செய்து, பிள்ளைகள் பாதபூஜை செய்யும் வீடுகளும் உண்டு. சொந்த ஊரில், அம்மாவின் தோழிகள், கூட வேலை பார்த்தவர்கள், அக்கம்பக்கம் என்று அம்பது பேருக்கு இலை போட்டால் போதும். அந்த அம்பது பேரையும் அம்மாவே தேர்ந்தெடுக்கட்டும். பெரிய புடவைக் கடையில் அவருக்குப் பிடித்த நிறத்தில் ஒரு பட்டு எடுங்கள். ‘இந்த வயசுல இந்தக் கலரா’ என்று அவர் தயங்கினால் அதையே பில் போடச் சொல்லுங்கள்.

அப்பா மட்டும் இருக்கிற வீட்டுக்கும் இதேதான். அவர்கள் வடலூரையோ பள்ளிக்கூடத்தையோ தேர்ந்தெடுத்து, அம்மாவின் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வரலாம்.

எந்த இடத்தை முடிவு செய்தாலும் ஒரு வேலை பொது. அப்பா அம்மாவிடம் கேட்டு வாங்கும் அந்தப் பெயர்ப் பட்டியலை மண்டபம் பார்ப்பதற்கும் பத்திரிகை அடிப்பதற்கும் முன்பே, முடிந்தால் ஒரு வருடம் முன்பே, எழுதத் தொடங்கிவிடுங்கள். அறுபது வயதுக்காரருக்குப் பாடம் நடத்திய வாத்தியாருக்கு இப்போது எண்பத்தைந்தாவது இருக்கும். அவர் எந்த ஊரில் யார் வீட்டில் இருக்கிறார் என்று விசாரிக்கவே நாள் பிடிக்கும். கண்டுபிடித்துவிட்டால், விழாவுக்கு வரவழைக்கலாம் என்று காத்திருக்காமல், அப்பாவை அழைத்துக்கொண்டு போய் முதலில் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.